நாலாம் குழுவில் ஆறு பேர்

எனக்குக் கோபம் அதிகம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். ஆனாலும் பதினாறு வருட டீச்சர் வேலையில் ஒரு பிள்ளையைக்கூடக் கைநீட்டி அடித்ததில்லை. அடிக்காமல், திட்டாமல், ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிட்டேன். போன வருடம் ஏழாம் வகுப்பில் இருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை. அது எப்படி நடந்தது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டின் ஓரத்திலேயே எங்கள் பள்ளி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், அருவிக்குப் போகிற வேன்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். ஒரு வேன் போனால் முப்பது தலையும் ஜன்னலுக்குப் போகும். அந்த நேரத்தில்தான், கடைசி இரண்டு பீரியடில், எனக்குக் குழு வேலை. அளந்து வரைவது, எண்ணிப் பட்டியல் போடுவது, சார்ட் ஒட்டுவது. குரூப் என்றால் ஆளுக்கு ஒரு வேலை செய்ய வேண்டும் என்பேன். தனியாக உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னால் தூங்கி விழுகிற பிள்ளைகள், ஆறு ஆறு பேராக வட்டம் போட்டு உட்காரச் சொன்னால் தெருச்சண்டை போடுவார்கள். கத்தரிக்கோலுக்குச் சண்டை, சிவப்பு ஸ்கெட்சுக்குச் சண்டை, யார் முட்டி யார் மேல் இடித்தது என்று சண்டை. பசையை எடுத்து முன்னால் இருப்பவள் சடையில் தடவியவனும் உண்டு.

நான் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். நான் இரண்டு தட்டுத் தட்டினால் அவர்கள் மூன்று தட்டுத் தட்டி அமைதியாக வேண்டும் என்றேன். தட்டுவதே விளையாட்டாகிப் போய், அடுத்த வகுப்பும் சேர்ந்து தட்டியது. டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம் என்றேன். டஸ்டருக்காக அடித்துக்கொண்டார்கள். பெரிய சார், அதாவது எங்கள் தலைமையாசிரியர், ஒருநாள் வாசலில் நின்று, “டீச்சர், உங்க கிளாசுல இருந்து வர்ற சத்தத்துக்கு அந்த வேன்காரனே தேவலைங்க,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எந்தப் பயிற்சியிலும் கற்றதில்லை. என் மூளையில் உதித்தது. ஒரு குழுவில் ஆறு பேரும் வேலையை முடித்தால்தான் அந்தக் குழுவுக்கு ஸ்டார். ஒருவர் பாக்கி இருந்தாலும் ஸ்டார் கிடையாது. அன்றைக்குப் பள்ளிக்கு வராதவர் கணக்கில் இல்லை. அன்றைக்கு முதலில் ஸ்டார் வாங்குகிற குழுதான் வீட்டுக்குப் போகிற மணியை அடிக்கும். எங்கள் பள்ளி மணி, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிப்பதற்காக எங்கள் பிள்ளைகள் மலையேறச் சொன்னாலும் ஏறுவார்கள்.

முந்திக்கொள்கிறவன் பிந்துகிறவனுக்கு உதவி செய்வான் என்று கணக்குப் போட்டேன். ஒரு அளவுக்கு அப்படியே நடந்தது, பொய் சொல்லக் கூடாது. ஸ்கெட்சை ஒளித்து வைத்தவன் பக்கத்தில் இருப்பவனுக்கு மூடியைக் கழற்றிக் கொடுத்தான். டஸ்டர் ஒழுங்காகச் சுற்றி வந்தது. வேன் போனால்கூட இரண்டு மூன்று தலைகள்தான் திரும்பின. எனக்கு ஒரே பெருமை. நாலாம் குழுதான் இடித்தது. வாரா வாரம் கடைசி.

நாலாம் குழுவில் ஐந்து பேர் வேகம். ஆறாவது அந்தப் பெண். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சொந்தம். தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் எண்ணும்போது மட்டும் உதட்டுக்குள் ‘ஒந்து, எரடு, மூரு’ என்று போகும். மக்கு இல்லை. யாராவது அவளை மக்கு என்றால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். அவளுக்கு எதையும் சரிபார்க்காமல் விட முடியாது, அவ்வளவுதான். வராந்தாவைக் கயிற்றால் அளக்கச் சொன்னால் மற்றவர்கள் ஒருமுறை அளந்து ஓடி வருவார்கள். அவள் மூன்று முறை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் நாலாவது முறை போவாள். கோடு போடும்போது நாக்கு நுனி வெளியே வந்து நிற்கும். கோணலாகப் போனால் அழித்துவிட்டு, தூளை ஊதிவிட்டு, மறுபடி ஆரம்பிப்பாள். அவள் வரைந்த பள்ளி வரைபடத்தை வைத்து ஒரு கொத்தனார் கட்டிடமே கட்டலாம். ஆனால் அது முடிவதற்குள் மணி அடித்துவிடும், அடித்தது வேறு குழுவாக இருக்கும்.

நாலாம் குழுவுக்குத் தலைவி ஒரு பெண். கலெக்டர் ஆகப் போகிறேன் என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள், ஆனாலும் ஆவாள். ஐந்தாறு வாரம் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, மற்ற குழு மணியடித்துவிட்டு ஆட்டம் போட்டுக்கொண்டு போகும்போது, என் மேசைக்கு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“மிஸ், அவள வேற குரூப்புல போட்டுருங்க மிஸ். அவளால எங்களுக்கு ஸ்டாரே வர மாட்டேங்குது.”

“அதெல்லாம் முடியாது.”

“அப்ப அவ முடிக்காட்டியும் எங்களுக்கு ஸ்டார் குடுங்க மிஸ்.”

என் முன்னால் திருத்தாத நோட்டுகள் ஒரு கட்டு. போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் அப்படியே கிடந்தன, கல்வி ஆபீசில் நேற்றே கேட்டிருந்தார்கள். எரிச்சலில்தான் சொன்னேன், ஆனால் சொல்லும்போது ஏதோ பெரிய தத்துவம் சொல்வதைப் போலத்தான் சொன்னேன்: “குரூப்புன்னா பிரச்சனை வரத்தான் செய்யும். உங்க குரூப்பு பிரச்சனைய நீங்களே உக்காந்து பேசித் தீத்துக்கோங்க. கத்தக் கூடாது, அழக் கூடாது. ஒவ்வொருத்தரா பொறுமையா பேசணும். இதுக்கெல்லாம் எங்கிட்ட வரக் கூடாது.”

“சரிங்க மிஸ்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று முறை அளக்கிற அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சல் மிஸ் என்றார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, “அவங்க வூட்டுக்கு ஆளு வந்துருக்காங்க மிஸ்.” மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் கேட்கவுமில்லை. வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே ஆப்சென்ட் போட்டேன். திங்கள் வந்தாள், செவ்வாய் வந்தாள், புதன், வியாழன் வந்தாள். வெள்ளி மட்டும் இல்லை. அவள் பெயருக்கு நேரே வாரத்துக்கு ஒன்றாக நாலைந்து ஆப்சென்ட் நின்றது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட அதைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருக்கும். கணக்கு டீச்சர் நான், எனக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? அந்த வெள்ளிக்கிழமைகள் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தன. நாலாம் குழு மணியடித்தது. கலெக்டர் ஆகப் போகிறவள் கம்பியை ஓங்கி அடித்த அடியில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. வகுப்பில் ஒரு முணுமுணுப்புதான், வேலை நடக்கிற முணுமுணுப்பு. பெரிய சார் வந்து நின்று பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், என்ன மந்திரம் போட்டீங்க?” என்றார். ஆறாம் வகுப்பு டீச்சரைக் கூட்டிவந்து காட்டினார். நான் அதைப் போனில் வீடியோ எடுத்து எங்கள் வட்டார ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் போட்டேன். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ‘பொறுமையைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும் டீச்சர்’ என்று ஒருவர் எழுதினார். அதைப் பஸ்ஸில் போகும்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அந்த வீடியோவில் நாலாம் குழு ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறது. நான் அத்தனை முறை பார்த்தும் எண்ணவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது வியாழக்கிழமையும் அவள் இல்லை. பிறகு ஒரு திங்கள். அப்புறம் ஒரு வாரம் முழுக்க இல்லை. இரண்டாவது வாரமும் வராதபோதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்றால்கூட, வெள்ளிக்கிழமை விஷயம் உறைக்கவில்லை. ஏதோ உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் வகுப்பில் கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் ஏழாம் வகுப்பில் பார்த்ததே இல்லை. குழுத் தலைவிதான் எழுந்து நின்றாள்.

“அவ வெள்ளிக்கிழமை மட்டும்தான் மிஸ் நின்னுக்கறேன்னா. மத்த நாளு ஏன் வரலன்னு எங்களுக்குத் தெரியாதுங்க மிஸ்.”

“வெள்ளிக்கிழமை ஏன் நிக்கணும்?”

“நீங்க பேசித் தீத்துக்கச் சொன்னீங்கல்ல மிஸ். பேசுனோம்.”

பயந்து சொல்லவில்லை. நல்ல மார்க் வாங்கப் போகிற பிள்ளை பதில் சொல்வது போலச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பேரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்களாம். என் மேசையிலிருந்து டஸ்டரை எடுத்துக்கொண்டு போனார்களாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசவில்லை. யாரும் கத்தவில்லை, அழவில்லை. கடைசியில் டஸ்டர் அவள் கைக்கு வந்திருக்கிறது.

“அவளே சொன்னா மிஸ், வெள்ளிக்கிழமை மட்டும் நான் வூட்ல நின்னுக்கறேன், மத்த நாளெல்லாம் வர்றேன்னு. அப்புறம் ஓட்டு போட்டோம். அஞ்சு பேரு கையத் தூக்குனோம். அவளும் தூக்குனா. ஆறு ஓட்டு மிஸ்.”

யாரைத் திட்டுவது? முப்பது பிள்ளைகளில் பொறுமை என்று ஒன்று இருந்ததே அவளிடம்தான். அவளை வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு நான் பொறுமை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் செய்ததில் நான் சொல்லித்தராத காரியம் ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. வருடம் முழுக்க நான் நடத்திய குழு வேலையிலேயே குறையில்லாமல் நடந்தது அது ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

“உக்காரு,” என்று மட்டும் சொன்னேன். அவள் தயங்கி, “தப்புங்களா மிஸ்?” என்றாள். நான் டஸ்டரை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

வராமல் போன அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறை பெரிய சாரும் வந்தார். அவளை எட்டாம் வகுப்பில் உட்கார வைக்க முடியவில்லை. அந்த மூன்று முறையிலும் சேர்த்து என்னால் ஆனது அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது முறை போனதில் சொல்ல ஒன்றுமில்லை, வீடு பூட்டிக் கிடந்தது, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம். முதல் முறை போனதைத்தான் சொல்ல வேண்டும்.

குழுத் தலைவி சொன்ன அன்றைக்கே சாயந்திரம் ஒகேனக்கல் பஸ் ஏறிப் போனேன். காட்டுப் பாதையில் இறங்குகிற வளைவுக்கு முன்னால் உள்ள சின்ன ஊர். வாசலில் அவள் ஒரு பொடியனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வயதுத் தம்பி. என்னைப் பார்த்ததும் அவனைக் கீழே இறக்கிவிட்டு, “குட் ஈவ்னிங் மிஸ்,” என்று கைகட்டி நின்றாள். அவன் உடனே அழுதான். மறுபடி தூக்கிக்கொண்டு, அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

அவளுடைய அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். அருவிப் பக்கம் மீன் வறுக்கிற கடையில் வேலை. மிளகாய்த்தூள் பிசைந்து விரல்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டார்.

“வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. இவ ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளுங்களா?”

“அவ ஒண்ணும் பண்ணலைங்கம்மா. ஏன் ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கீங்க?”

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்கதான வெள்ளிக்கிழமை வர வேணாம்னு சொன்னீங்களாம்? அன்னைக்கு நல்லா படிக்கற புள்ளைங்களுக்கு மட்டும் தனியா நடத்துவாங்க போலருக்குதுன்னு நான் இருந்துட்டேனுங்க.”

“நான் சொல்லலைங்க!” என்று கத்திவிட்டேன். பொடியன் மறுபடி அழுதான். என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டிட வேலை. நோம்பி நொடி என்று பண்டிகைக்குத்தான் வருவாராம். இந்த அம்மா முன்னெல்லாம் சனி, ஞாயிறு மட்டும்தான் மீன் கடைக்குப் போவார். மகள் வீட்டில் இருப்பாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமையும் மகள் வீட்டில் நின்றதும், சும்மா இருப்பானேன் என்று அன்றைக்கும் போயிருக்கிறார். கூட்டம் வருகிற நாள் அது, கடைக்காரருக்கும் ஆள் வேண்டும். பொங்கலோடு அங்கிருந்த இன்னொரு பெண் நின்றுவிட, தினமும் வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

“தெனமும் வேலைன்னா எப்பிடிங்க வேணாம்னு சொல்றது? வெள்ளிக்கிழமை பாத்துக்கறாளே, அப்பிடியே மத்த நாளும் பாத்துக்கட்டும்னு...” என்று இழுத்தார்.

அங்கன்வாடியில் விடுங்கள் என்றேன். இரண்டு வயது முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீட்டில் விடுங்கள் என்றேன். அவர்களும் வேலைக்குத்தான் போகிறார்கள். பதினாலு வயது வரைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும், சட்டம் இருக்கிறது என்றேன், குரலை உயர்த்தியே சொன்னேன்.

“அந்தச் சட்டம் வந்து இவனத் தூக்கி வெச்சிக்குங்களா டீச்சரம்மா?” என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. பொடியனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். என் வகுப்பில் ஒரு மூலையில் விளையாடட்டும், பெரிய சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே உயிர் வந்தது. அந்த அம்மாவும் யோசித்தார். “அப்பிடிக்கூட விடுவாங்களாங்க?” என்றார். “நான் விடறேங்க,” என்றேன். “அப்ப நாளைக்கே அனுப்பறனுங்க,” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். காரியம் கூடிவிட்டது என்றே நினைத்தேன்.

“வேணாங்க மிஸ்,” என்றது அவள் குரல்.

தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

“ஏங்கண்ணு வேணாம்?”

“இவன் அழுவானுங்க மிஸ். கிளாஸ் சத்தமாயிடும்.”

“ஆனா ஆகட்டுமே. சத்தமானா என்ன இப்ப?”

அவள் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தாள். வருடம் முழுக்க அமைதி, அமைதி என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். சத்தமானால் என்ன என்று அவள் என் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

“ஸ்டாரெல்லாம் எடுத்துட்டேன் கண்ணு. இனிமே ஸ்டாரே கெடையாது. நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் வரையலாம். யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதாகக் கேட்டது.

அவளுக்கு முகம் வாடிவிட்டது. “ஏங்க மிஸ் எடுத்தீங்க?” என்றாள். “நாந்தான் வரலீங்களே.”

எனக்குப் புரியவில்லை. தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அவசரப்படுகிற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே.

“குரூப்புன்னா ஆளுக்கு ஒரு வேலை செய்யணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க. நான் அளந்தா லேட்டாவுது, வரைஞ்சாலும் லேட்டாவுது. அதான் வராம இருக்கறத நான் எடுத்துக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாளா என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.